கோட்டில் ஒரு வாசல்

கடலும் ஆறும் சேரும் இடத்தில் நீள்கரை என்றொரு நாடு இருந்தது. அந்த நாட்டில் சிறைச்சாலை கிடையாது. கடன் வாங்கியவர் சொன்ன நாளில் திருப்பித் தராவிட்டால், கொடுத்தவர் ஒரு கரித்துண்டோடு வருவார். வாங்கியவர் எங்கே நிற்கிறாரோ அங்கேயே அவரைச் சுற்றி ஒரு கோடு இழுப்பார். அவ்வளவுதான். கடன் தீரும்வரை, அல்லது கொடுத்தவர் மனமிரங்கித் தம் காலாலேயே அந்தக் கோட்டை அழிக்கும்வரை, உள்ளே இருப்பவர் வெளியே வரமாட்டார். காவல் இல்லை, பூட்டு இல்லை. தவழும் குழந்தை தாண்டிவிடும் கோடு. ஆனாலும் அதைத் தாண்டியவர் என்று ஒருவர் பெயரைக்கூட நீள்கரையில் யாரும் கேள்விப்பட்டதில்லை.

இதைக் கேட்டு அயல் நாட்டார் சிரிப்பார்கள். அப்படிச் சிரித்த ஒருவரை நீள்கரையின் சந்தைத் தெருவுக்கு அழைத்துப் போனார்களாம். அங்கே ஒரு பூட்டு வியாபாரி கோட்டுக்குள் நின்றிருந்தார். அவருடைய செருப்பு கோட்டுக்கு வெளியே, கை நீட்டினால் எட்டும் தூரத்தில் கிடந்தது. உச்சி வெயில். அவர் காலை மாற்றி மாற்றித் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாரே தவிர, கையை நீட்டவில்லை. வந்தவருக்குச் சிரிப்பு நின்றுபோயிற்று. குனிந்து செருப்பை எடுத்து உள்ளே வைத்துவிட்டு, கும்பிடு போட்டுவிட்டுப் போனாராம்.

இப்படிப்பட்ட மக்களை ஆளக் கொடுத்து வைத்திருக்க வேண்டும். நீள்கரையை ஆண்டவர் நெடுமுடியார். அங்கே மன்னரை மக்களே தேர்ந்தெடுத்தார்கள். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை கைதூக்கு விழா நடக்கும். யாருக்கு அதிகக் கைகள் உயர்கின்றனவோ அவரே மன்னர். கோட்டுக்குள் இருப்பவர்களுக்கும் அந்த உரிமை உண்டு. அவர்களுக்கு வேறு வேலை இல்லாததால் இரண்டு கைகளையும் தூக்கலாம் என்று நெடுமுடியார் ஒரு சட்டத்திருத்தம் கொண்டுவந்தார். அதன் பிறகு அவர் தோற்றதே இல்லை.

நெடுமுடியார் செய்த பெருஞ்செயல் ஆகாயப் படிக்கட்டு. கடற்கரையில் தொடங்கி மேலே மேலே ஏறி, மேகத்துக்குச் சற்றுக் கீழே அது சட்டென்று நின்றுவிடும். அதற்கு மேல் ஒன்றுமில்லை. உலகத்தில் எந்த நாட்டிலும் இவ்வளவு உயரமான படிக்கட்டு இல்லை என்பது உண்மை. அதன் நிழல் காலையில் நகரத்தின் மீதும் மாலையில் கடலின் மீதும் விழும். மக்கள் வாய் பிளந்து நின்றார்கள். மேலே போனால் என்ன இருக்கிறது என்று ஒரு கொல்லர் கேட்டார். “படிக்கட்டின் நோக்கம் ஏறுவது, போய்ச் சேருவது அல்ல” என்று அரசாங்கம் அவருக்கு முறைப்படி பதில் அனுப்பியது.

படிக்கட்டுக்கான பணத்தைக் கடல்கடந்த கப்பல்காரர்களிடம் மன்னர் கடனாக வாங்கினார். அந்தக் கடனுக்கு வட்டி கட்ட, வீட்டுக்கு வீடு படிவரி போட்டார். வரி கட்ட முடியாதவர்களை அரண்மனை கைவிட்டுவிடவில்லை; வரி கட்டுவதற்கு அரண்மனையே அவர்களுக்குக் கடன் கொடுத்தது. அந்தக் கடனைக் கட்ட முடியாதபோது அரண்மனையே கரித்துண்டோடு வந்தது. கரியின் விலையையும் கடனோடு சேர்த்துக்கொண்டார்கள். நாளடைவில் தெருவெங்கும் கோடுகள். வண்டி மாடுகள் நெளிந்து நெளிந்து போகப் பழகிக்கொண்டன. ‘கடன்’ என்ற சொல் நாட்டின் பெருமைக்கு இழுக்கு என்று அடுத்து ஓர் ஆணை வந்தது. கோட்டுக்குள் இருப்பவர்கள் இனி ‘நம்பிக்கையாளர்’ என்று அழைக்கப்படுவார்கள் என்றும், தங்களைக் கடனாளி என்று சொல்லிக்கொள்பவர்களுக்கு இன்னொரு கோடு என்றும் முரசறைந்தார்கள்.

வீரணன் என்பவர் அப்படி நம்பிக்கையாளர் ஆனவர்களில் ஒருவர். அவருக்கு நிலம் கிடையாது. கோடையில் ஆறு வற்றியதும் படுகை மணலில் வெள்ளரி போடுவார். அவரும் அவர் மனைவி அரியநாச்சியும் ஊற்றுத் தோண்டி, குடம் குடமாக மொண்டு கொடிகளுக்கு ஊற்றுவார்கள். அந்த ஆண்டு விதைக்கு வைத்திருந்த பணத்தைப் படிவரி கொண்டுபோயிற்று. விதைக்கடை அம்பலத்தாரிடம் கடனுக்கு விதை வாங்கினார். படுகைக் குத்தகைக்காரர் திருமேனியிடம் குத்தகையைக் கடன் சொன்னார். மீதி வரிக்கு அரண்மனையிடம் கையேந்தினார். கொடியில் பூச்சி விழுந்தது. காய் சூம்பிப்போயிற்று. மூன்று பேரும் ஒருவர் பின் ஒருவராகப் படுகைக்கே வந்து கோடு போட்டுவிட்டுப் போனார்கள். வெள்ளரிக் கொடிகளுக்கு நடுவே, ஒன்றைச் சுற்றி ஒன்றாக மூன்று வளையம், நடுவில் வீரணன்.

கோட்டுக்குள் உட்காருவது நீள்கரையில் புதிதல்ல. ஆனால் எல்லோரும் தெருவில் உட்கார்ந்திருந்தார்கள். வீரணன் ஆற்றுக்குள் உட்கார்ந்திருந்தார். கோடை முடிந்துகொண்டிருந்தது. மேற்கு மலையில் மேகம் இறங்கிவிட்டால் அன்றோ மறுநாளோ வெள்ளம் வரும். வெள்ளம் வந்தாலும் அவர் எழுந்து வரமாட்டார் என்பது ஊருக்கே தெரியும். அவர் மனைவிக்கு இன்னும் நன்றாகத் தெரியும்.

அரியநாச்சி அழுதுகொண்டு உட்காரவில்லை. அவளுக்கு ஆத்திரம்தான் அதிகமாக இருந்தது. கணவன் மீதா, கோட்டின் மீதா, மலைமேல் இருந்த மேகத்தின் மீதா என்று அவளுக்கே பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. நேரே விதைக்கடைக்குப் போனாள். நீள்கரையில் கடன்காரர் வீட்டுப் பெண்கள் கொடுத்தவரிடம் போனால் ஒன்றுதான் கேட்பார்கள்: மன்னித்துவிடுங்கள் என்று காலில் விழுவார்கள். அம்பலத்தார் அவள் விழுவதற்கு வசதியாகக் காலை நீட்டிக்கொண்டார்.

“மன்னிச்சு விடுங்கன்னு கேக்க வரல, முதலாளி” என்றாள் அரியநாச்சி. “மொத்தமாத் தரவும் எங்கிட்ட இல்ல. அவரு உள்ளயே இருந்தா எப்பவும் இருக்காது. கோட்டுல ஒரு ஆள் போறமாதிரி ஒரு வாசல் விடுங்க. அவரு வேலைக்குப் போவாரு. சந்தைக்குச் சந்தை நானே ஒரு சின்னக் காசு கொண்டாந்து உங்க கையில வைக்கிறேன். என்னைக்கு வைக்கலையோ, அன்னைக்கு வாசலை அடைச்சிருங்க. அவரே வந்து உள்ள உக்காந்துக்குவாரு.”

“சின்னக் காசா? வாங்கினது பெருசும்மா.”

“பெருசாவே நினைச்சுக்கிட்டிருந்தா பயந்துபோய் ஒண்ணுமே தரமாட்டோம். சின்னதுன்னா பயமில்ல, தந்துருவோம்.”

“வட்டி?”

“ஆத்தோட போன ஆளுக்கு வட்டி யாரு முதலாளி தருவா?”

அம்பலத்தார் காலை இழுத்துக்கொண்டார். அவர் கெட்டவர் அல்ல, கடைக்காரர். வாழ்நாளெல்லாம் அவர் கோடு போட்டிருக்கிறார். கோடு போட்டதால் காசு திரும்பி வந்ததாக அவருக்கு எவ்வளவு யோசித்தும் ஒரு நினைவு வரவில்லை. உள்ளே உட்கார்ந்தவர்கள் உள்ளேயே நரைத்தார்கள், பணம் வரவில்லை, அவரும் பார்க்கும்போதெல்லாம் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனார். இப்படி ஒரு வாசல் விடலாம் என்று யாருக்கும் தோன்றியதில்லை. சட்டத்தில் கூடாது என்றும் இல்லை. கூடாது என்று எழுதுவதற்குக்கூட யாருக்கும் அது தோன்றியிருக்கவில்லை.

அன்று மாலையே அம்பலத்தார் படுகைக்கு வந்து, தம் கோட்டில் ஓரிடத்தைக் காலால் தேய்த்தார். ஓர் ஆள் நடந்துபோகும் அகலம். கோட்டில் வாசல் என்பதை நீள்கரை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தது. கரையில் கூட்டம் கூடிவிட்டது. பெண்கள் சிலர் கைகூப்பினார்கள். வீரணன் எழுந்து, அந்த இடைவெளி வழியாக மிக ஒழுங்காக நடந்து, இரண்டாவது கோட்டுக்குள் வந்து உட்கார்ந்தார்.

அம்பலத்தாரே ஒத்துக்கொண்டபின் திருமேனி எம்மாத்திரம்? அவர் கொஞ்சம் முறுக்கிப் பார்த்தார். முதல் வாசலைவிடத் தம் வாசல் குறுகலாகத்தான் இருக்கும் என்று சொல்லி, தவணையிலும் ஒரு காசு ஏற்றிக்கொண்டு, அவரும் வந்து தேய்த்தார். வீரணன் உடம்பை ஒருக்களித்து அதையும் கடந்து மூன்றாவது கோட்டுக்குள் வந்தார். மூன்றாவது அரண்மனையின் கோடு.

அரண்மனையில் அரியநாச்சி கடன்துறை அமைச்சர் பெருமதியாரைப் பார்த்தாள். பார்ப்பதற்குள் மலையின் பாதி மேகத்துக்குள் போயிருந்தது. அமைச்சர் அவள் சொன்னதை முழுவதும் பொறுமையாகக் கேட்டார். பெரிய மனிதர்கள் மறுப்பதற்கு முன்னால் அப்படித்தான் கேட்பார்கள்.

“அரண்மனை சில்லறை வாங்குவதில்லை” என்றார்.

“ஏன் ஐயா?”

“வாங்கினால் எண்ண வேண்டியிருக்கும். அரண்மனை எண்ணுவதில்லை, மதிப்பிடுகிறது. மேலும், கோட்டில் வாசல் வைத்தால் கோட்டின் மாட்சிமை என்ன ஆவது? இன்று உன் கணவன் போவான், நாளை எல்லோரும் போவார்கள், பிறகு கைதூக்கு விழாவில் இரண்டு கை தூக்க யார் இருப்பார்கள்?”

“மேகம் கட்டிருச்சு ஐயா. தண்ணி வந்துரும்.”

“அதைப்பற்றி அரசு ஏற்கெனவே கவலைப்பட்டுவிட்டது” என்றார் பெருமதியார்.

கவலைப்பட்டது பொய்யல்ல. மறுநாள் காலையில் ஓர் அரசாணை வந்தது. நம்பிக்கையாளர் அமர்ந்திருக்கும் இடத்துக்கு ஆறு வரக்கூடாது. மீறி வந்தால் ஆற்றைச் சுற்றிக் கோடு போடப்படும். இதை ஆற்றுக்கு அறிவிப்பதற்காக ஒரு முரசுக்காரரையும் ஓர் அதிகாரியையும் மலையடிவாரம்வரை அனுப்பினார்கள். அவர்கள் தண்ணீரைப் பார்த்து நின்று, ஆணையை உரக்கப் படித்துவிட்டு வந்தார்கள். ஆணையின் இரண்டாம் பகுதி மக்களுக்கு: ஆறு வராது என்று அரசு உறுதியளித்துவிட்டதால், ஆற்றைக் காரணம் காட்டி இனி யாரும் சலுகை கேட்கக் கூடாது.

ஆறு வந்தது. முதலில் மணல் நனைந்தது. பிறகு வெள்ளரிக் கொடிகள் மிதந்தன. கணுக்கால், முழங்கால் என்று ஏறியது. மூன்று கோடுகளும், அம்பலத்தாரின் வாசலும் திருமேனியின் வாசலும், எல்லாம் கரைந்து கடலைப் பார்க்கப் போய்விட்டன. கலங்கிய தண்ணீர் மட்டும் சுழித்துக்கொண்டு ஓடியது. அதன் நடுவே வீரணன் எழுந்து நின்றார்.

“கோடு அழிஞ்சுபோச்சுங்க, வந்துருங்க” என்று கரையிலிருந்து கூப்பிட்டாள் அரியநாச்சி.

“அழிச்சது ஆறுதானே, நாச்சி” என்றார் வீரணன். “கொடுத்தவங்க அழிக்கலையே.”

அவளும் நீள்கரைக்காரிதான். அவளுக்குப் பயமாக இருந்தது, அதே வேளையில், சொன்னால் நம்பமாட்டீர்கள், பெருமையாகவும் இருந்தது. அந்தப் பெருமைக்காகத் தன்னையே திட்டிக்கொண்டு, கரையில் நின்ற புங்கமரத்தில் ஒரு கயிற்றைக் கட்டி மறுமுனையை அவரிடம் வீசினாள். ஆள் கோட்டைத் தாண்டக் கூடாதே தவிர, கயிறு தாண்டலாம். வீரணன் அதை இடுப்பில் சுற்றிக்கொண்டார். தண்ணீர் அவர் இடுப்புக்கு வந்தது. ஊரே கரையில் நின்றது. கோடு இல்லை, இருந்த தடம்கூட இல்லை. ஆனால் அவர் நின்ற இடத்திலிருந்து ஒரு பக்கமும் நகரவில்லை. எனக்குத் தெரிந்து இதைவிடப் பெரிய படிக்கட்டு எதுவும் நீள்கரையில் கட்டப்படவில்லை.

அந்த நேரத்தில்தான் கப்பல்காரர்கள் வந்தார்கள். வட்டி பல தவணை நின்றுபோயிருந்ததால் அவர்களின் தலைவரே வந்திருந்தார். மெலிந்த, மரியாதை தெரிந்த மனிதர். தம் குடையைத் தாமே பிடித்துக்கொள்வார். அவருடைய படகு ஆற்றுமுகத்தில் நுழைந்தபோது, வெள்ளத்தின் நடுவே ஓர் ஆள் நிற்பதைப் பார்த்தார். என்ன என்று கேட்டார். படகோட்டி எல்லாவற்றையும் சொன்னான்.

“கோடு எங்கே?” என்றார் தலைவர்.

“அது அப்பவே போயிருச்சு, ஐயா.”

தலைவர் குடையை மடக்கிவிட்டார். மழை அவர் தலையில் கொட்டிக்கொண்டிருந்தது. படகை நிறுத்தச் சொல்லி நெடுநேரம் அந்த மனிதரையே பார்த்தார். கோயிலில் நிற்பவர் முகம்போல இருந்தது அவர் முகம் என்று படகோட்டி பிற்பாடு சொன்னான்.

பிறகு அவர் கரையேறிப் படிக்கட்டின் அடிவாரத்துக்குப் போனார். அங்கே நெடுமுடியார் வெள்ளத்தை எதிர்த்து உரையாற்ற மேடை ஏறிக்கொண்டிருந்தார். மழை படாத மண்டபம் அது. தலைவர் வணக்கம் சொன்னார். மடியிலிருந்து ஒரு கரித்துண்டை எடுத்தார். மன்னரைச் சுற்றி நிதானமாக ஒரு கோடு இழுத்தார்.

முரசு நின்றது. படைத்தலைவரின் கை வாளுக்குப் போய் அங்கேயே நின்றுவிட்டது. ஒரே ஓர் அடி. அதை மன்னர் எடுத்து வைத்திருந்தால் நீள்கரையில் கோடு என்ற ஒன்றே அன்றோடு ஒழிந்திருக்கும். மன்னர் கோட்டைக் குனிந்து பார்த்தார். அவருடைய பாதம் லேசாக உயர்ந்தது. பின்பு இருந்த இடத்திலேயே இறங்கியது. அவர் உள்ளேயே உட்கார்ந்துவிட்டார். நெடுமுடியாரைப்பற்றி எனக்கு நல்லெண்ணம் கிடையாது. ஆனாலும் அந்த நொடியில் மண்டபத்தில் இருந்தவர்களுக்கு மயிர்க்கூச்செறிந்தது என்பதை மறைக்க மாட்டேன். அவரும் அந்த மண்ணில் பிறந்தவர்தான்.

அமைச்சர்கள் கூடினார்கள். கோட்டுக்கு ‘அரியணைக் கோலம்’ என்று பெயர் மாற்றிவிடலாம் என்றார் ஒருவர். மன்னர் தாண்டத்தானே கூடாது, பல்லக்கில் தூக்கிப் போனால் என்ன என்றார் இன்னொருவர். தலைக்கு மேல் வெள்ளம் போனபின் சாண் என்ன முழம் என்ன, மேலும் கொஞ்சம் கடன் கேட்டுப் பார்ப்போம் என்றார் பெருமதியார். மன்னர் எதற்கும் தலையசைக்கவில்லை. கடைசியில், படுகைக்காரி ஒருத்தி கோட்டில் வாசல் வாங்கியிருக்கிறாள் என்று யாரோ மெல்லச் சொன்னார்கள். ஆள் அனுப்பினார்கள்.

போன ஆள் வெறுங்கையோடு திரும்பினான். அரண்மனை முதலில் தன் கோட்டை அழிக்க வேண்டும், அதன் பிறகுதான் வருவேன் என்று அவள் சொல்லிவிட்டாள். மன்னரைக் காக்கவைக்கும் திமிர் என்று பெருமதியார் கொதித்தார். “போய் அழித்துவிட்டு வாருங்கள்” என்றார் மன்னர். அவர் உள்ளே உட்கார்ந்து அப்போதுதான் சிறிது நேரம் ஆகியிருந்தது. அதற்குள் அவருக்குச் சில விஷயங்கள் புரிந்திருந்தன.

பெருமதியாரே போக வேண்டியிருந்தது. அமைச்சர் ஆடையைத் தூக்கிக் கட்டிக்கொண்டு, கயிற்றைப் பிடித்தபடி நெஞ்சளவு வெள்ளத்தில் இறங்கினார். இல்லாத கோட்டை எங்கே போய் அழிப்பது என்று அவருக்குத் தெரியவில்லை. “இன்னும் ரெண்டு எட்டு தள்ளி வாங்க ஐயா, ஆங், அங்கதான்” என்று வீரணன் வழி சொன்னார். பெருமதியார் தண்ணீருக்கடியில் காலால் துழாவித் தேய்த்தார். வீரணன் அவருக்கு நன்றி சொல்லிவிட்டு, அந்த இடத்தின் வழியாகவே வெளியே வந்தார். கரையேறியதும் அவர் அங்கேயே உட்கார்ந்துவிட்டார். அரியநாச்சி முந்தானையால் அவர் தலையைத் துவட்டினாள். வாய் ஓயாமல் திட்டிக்கொண்டே துவட்டினாள். பிறகு ஈரச் சேலையோடு மண்டபத்துக்குப் போனாள்.

“எப்படியம்மா செய்தாய்?” என்று கேட்டார் நெடுமுடியார். அவர் தரையில் உட்கார்ந்திருந்ததால் அவள் அவரைக் குனிந்துதான் பார்க்க வேண்டியிருந்தது.

மன்னர் என்பதற்காக அவள் எதையும் மாற்றிச் சொல்லவில்லை. மன்னிப்புக் கேட்க வேண்டாம் என்றாள். தர முடியாததைத் தருகிறேன் என்று சொல்ல வேண்டாம் என்றாள். சந்தைக்குச் சந்தை எவ்வளவு முடியும் என்று நினைத்துப் பார்த்து, அதிலும் கொஞ்சம் குறைத்தே சொல்ல வேண்டும். சொன்னதைத் தவறவே கூடாது. அதற்குக் கைமாறாக வெளியே போய் உழைக்க ஒரு வாசல் கேட்க வேண்டும். அவ்வளவுதான் என்றாள்.

கப்பல் தலைவர் கவனமாகக் கேட்டுக்கொண்டிருந்தார். அவருக்கு அவளுடைய பேச்சு மிகவும் பிடித்திருந்தது.

“நல்ல முறை. எனக்குச் சம்மதம்” என்றார். “மன்னர் பெருமானே, தவணைக்கு எவ்வளவு தருவீர்கள்? எந்த வேலை செய்து தருவீர்கள்?”

மன்னர் அமைச்சரைப் பார்த்தார்.

“மன்னர் வேலை செய்வதில்லை. ஆள்கிறார்” என்றார் பெருமதியார்.

“அதற்குக் கூலி யார் தருகிறார்கள்?”

“மக்கள்.”

மண்டபத்துக்கு வெளியே ஆற்றின் இரைச்சல் கேட்டது. தலைவர் அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டு, மிகுந்த பணிவோடு மன்னரிடம் திரும்பினார்.

“அப்படியானால் மன்னிக்க வேண்டும். நாங்கள் தவறான ஆளைச் சுற்றிக் கோடு போட்டுவிட்டோம்.”

சொல்லிவிட்டுத் தம் காலாலேயே அந்தக் கோட்டை முழுவதும் அழித்தார். அரியநாச்சிக்கு அவர் சொன்னது அப்போது விளங்கவில்லை. கணவனுக்குக் கஞ்சி வைக்க வேண்டும் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினாள்.

அதன் பிறகு நடந்ததெல்லாம் அடைத்த கதவுக்குப் பின்னால் நடந்தது. முடிவை மட்டும் முரசறைந்து சொன்னார்கள். நீள்கரையின் நெடுங்காலத் துயரத்தை மன்னர் ஒரே நாளில் துடைத்துவிட்டார். நாட்டில் உள்ள கோடுகள் அனைத்தும் இன்றோடு ஒழிகின்றன. அம்பலத்தார், திருமேனி போன்றவர்களுக்குச் சேரவேண்டியதை அரண்மனையே கொடுத்துவிடும். அதற்காகக் கப்பல்காரர்கள் அன்புகூர்ந்து ஒரு புதுக் கடன் தந்திருக்கிறார்கள். பழையதும் புதியதும் சேர்ந்த பெருந்தொகையைச் சின்னச் சின்னத் தவணைகளாகக் கட்டிக்கொள்ளலாம். எல்லோரும் வெளியே வரலாம்.

வெளியே வந்தார்கள். அந்தக் காட்சியை என்னவென்று சொல்வது! உள்ளேயே கிடந்து மூட்டு இறுகிப்போனவர்களைத் தோளில் தாங்கிக்கொண்டு வந்தார்கள். பூட்டு வியாபாரி தெருவின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை நடந்தார். திரும்பி மறுபடியும் நடந்தார். யாரும் அவரை என்ன என்று கேட்கவில்லை. வண்டி மாடுகள் மட்டும் பழக்கம் விடாமல் நெளிந்து நெளிந்து போயின. ஊர் முழுக்க அழுகையும் சிரிப்பும். நெடுமுடியார் படிக்கட்டின் முதற்படியில் நின்று கையசைத்தார். உடனேயே ஒரு கைதூக்கு விழாவுக்கு நாள் குறித்தார்கள். இம்முறை எல்லோரும் இரண்டு கைகளையும் தூக்கலாம் என்று அறிவிப்பு வந்தது. ஏன் எல்லோரும் என்று யாரும் கேட்கவில்லை. மகிழ்ச்சியில் அதெல்லாம் தோன்றுமா?

வீரணனும் அரியநாச்சியும் விழாவுக்கு நிற்கவில்லை. படுகை வெள்ளத்துக்குள் இருந்தது. வெள்ளரி போட இனி அடுத்த கோடைதான். மழைக்காலத்தில் எல்லைக்கு அப்பால் உள்ள நாட்டில் நாற்று நடவுக்கு ஆள் தேடுவார்கள். கோடு ஒழிந்ததே தவிர வயிறு ஒழியவில்லையே. ஒரு கூடையில் சட்டி பானையை வைத்து அரியநாச்சி தலையில் ஏற்றிக்கொண்டாள். இருவரும் வடக்கே நடந்தார்கள். வழியெல்லாம் விழாவுக்குப் போகும் கூட்டம் எதிரே வந்தது. போகப்போகக் கூட்டம் குறைந்தது. எல்லையை நெருங்கியபோது வயலும் வானமும் மட்டும் இருந்தன.

அங்கே, கண்ணுக்கு எட்டியவரை ஒரு கோடு ஓடியது.

வயலைக் கடந்து, வரப்பைக் கடந்து, குன்றின் மேல் ஏறி அந்தப்பக்கம் இறங்கி, கிழக்கிலும் மேற்கிலும் முடிவில்லாமல் போயிற்று. மூட்டை மூட்டையாகக் கரி செலவாகியிருக்க வேண்டும். படிக்கட்டைப் பார்த்தபோதுகூட அவர்களுக்கு இப்படி மூச்சடைத்ததில்லை. கோட்டுக்கு அப்பால் ஒரு மடக்கு நாற்காலியில் கப்பல் தலைவர் உட்கார்ந்து, கையில் அப்பியிருந்த கரியைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். அவர்களைப் பார்த்ததும் எழுந்து நின்றார். வீரணனுக்குத் தனியாக ஒரு வணக்கம் சொன்னார். ஒரு காவலாளிகூட அந்த எல்லையில் இல்லை.

“ஐயா, நடவுக்குப் போகணும். இதுல வாசல் எங்க விட்டிருக்கீங்க?” என்று கேட்டாள் அரியநாச்சி.

“உங்கள் மன்னர் தவணை கேட்டார், கொடுத்தோம். மரியாதை கேட்டார், கொடுத்தோம்” என்றார் தலைவர். “வாசல் கேட்கவில்லை அம்மா. தமக்கு வெளியே ஒரு வேலையும் இல்லை என்றார்.”

வீரணனின் பாதம் கோட்டுக்கு ஓர் அடி இப்பால் தானாகவே நின்றிருந்தது. தலைவர் அதைக் கவனித்தார். அவர் முகத்தில் ஆற்றில் பார்த்த அதே பயபக்தி தெரிந்தது.

“இப்படிப்பட்டவர்கள் இருக்கிற நாட்டுக்கு நாங்கள் இன்னும் எவ்வளவு வேண்டுமானாலும் கொடுப்போம்” என்றார். அவர் அதை மனப்பூர்வமாகத்தான் சொன்னார்.

அரியநாச்சி கூடையை இறக்கி வைத்தாள். கோட்டுக்கு இந்தப் பக்கம், அவருக்கு எதிரே, ஈர மண்ணில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

“உக்காருங்க ஐயா. மொத்தம் எவ்வளவுன்னு சொல்லுங்க.”

“எல்லாம் பேசி முடித்தாகிவிட்டது, அம்மா. உங்கள் பேரன் பேத்தி காலம்வரை தவணை போட்டாயிற்று. மன்னரே கையெழுத்திட்டிருக்கிறார்.”

“அது அவரு பேசினதுங்க” என்றாள் அரியநாச்சி. “நாங்க இன்னும் பேசலையே.”